சட்டசபைப் படிவரை வந்த மாதா கொடி

திருவிழாக் காலம் இது. எமது பகுதித் தோட்டங்களில் ஒன்று மாற்றி ஒன்றாகக் கொடியேற்றம், பால்குடம், தேர் என்று நடந்து வருகிறது. அப்படி ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில், லயத்துக் குடும்பங்களுக்குக் காணி உறுதி கேட்கும் மனுவுக்குக் கையெழுத்து வாங்க ஒரு மேசை போட்டுக்கொள்ளலாமா என்று கோயில் கமிட்டியிடம் கேட்டோம். கமிட்டியார் இரவு கூடிப் பேசினார்கள். மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தி, “டீச்சர், கோவிச்சிக்காதீங்க. கோயிலுக்குள்ள அரசியல் வேணாம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. தேர் அன்னைக்கு தொர வேற வாறாரு” என்றார்.

நாங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. கமிட்டியின் சிரமம் எமக்குத் தெரியும். கோயில் பணம் செக்ரோலில் பிடிக்கப்பட்டு, நிர்வாகத்தின் கையால்தான் கமிட்டிக்கு வருகிறது. தேருக்கு மரம் வேண்டும், லொறி வேண்டும், மூன்று நாள் லீவு வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒப்பீசுக்குத்தான் போக வேண்டும். தொழிலாளியின் சொந்தக் காசில் நடக்கிற திருவிழாவுக்கு, அந்தக் காசைப் பிடித்துக் கொடுப்பவர் உபயகாரர் போலாகிவிடுகிறார். மாலை அவருக்குத்தான் முதலில் விழுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பகுதியில் உள்ள ஒரு தேவாலயத்துக்கும் போனோம். அங்கே கிடைத்த பதில் இன்னும் மென்மையானது. தொழிலாளர்களுக்காகப் பூசையில் செபிக்கலாம், ஆனால் மனு விடயத்தில் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். செபித்தார்கள். மேலிடத்துப் பதில் இன்னும் வரவில்லை.

இந்த இரண்டு பதில்களையும் கேட்டுவிட்டு வந்தபோது, ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டெலானோ என்ற சிற்றூரில், திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் கேட்ட பதில்களும் இவைதான் என்பது நினைவுக்கு வந்தது. பத்து ஆண்டுகளில் அந்தப் பதில்கள் மாறின. மாறியதன் பலனாக ஒரு சட்டமும் வந்தது. அது எப்படி மாறியது என்பதை இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம். கோயில் கமிட்டிகளில் இருக்கும் எமது உறுப்பினர்களும், சபைகளில் இருக்கும் எமது உறுப்பினர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது எமது ஆசை. எமது சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்கள்தானே அங்கேயும் கமிட்டியில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைப் பாதுகாக்கும் தேசிய தொழில் உறவுகள் சட்டம் 1935இல் வந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அது பெரிய வெற்றி. ஆனால் “தொழிலாளி” என்றால் யார் என்று சொல்லும் பிரிவில், விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் இதில் அடங்க மாட்டார்கள் என்று எழுதி வைத்தார்கள். ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியால், தோட்டத்தில் சங்கம் சேர்ந்தவனை வேலையிலிருந்து நிறுத்தினாலும் கேட்க நாதியில்லை. எமக்கு இது புதிதல்ல. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, எமது வாக்கால் தெரிவான பிரதேச சபை எமது தோட்டத்துப் பாதைக்கு ஒரு தட்டு சல்லி போடச் சட்டத்தில் தடை இருந்ததே, அதுவும் ஒரு பிரிவுதான். ஒரு சமூகத்தையே வெளியே நிறுத்துவதற்குப் பெரிய மதில் தேவையில்லை.

அமெரிக்க ஒன்றியச் சட்டம் விவசாயத் தொழிலாளியைக் கைவிட்டதால், மாநிலச் சட்டசபைதான் மிஞ்சிய வழியாக இருந்தது. இதை எமது மாகாண சபையை மனதில் வைத்துப் படிக்கக் கூடாது. அங்கே மாநிலங்களுக்குச் சொந்தமாகத் தொழிற்சட்டம் இயற்றும் அதிகாரம் உண்டு. ஆளுநரும் வாக்கால் தெரிவாகிறவர். ஆகவே நல்ல சட்டமும் அங்கேதான் வரலாம், கெட்ட சட்டமும் அங்கேதான் வரலாம். இரண்டும் வந்தன.

1965 செப்டெம்பர் 8ஆம் திகதி டெலானோவில் திராட்சை பறிப்பதை முதலில் நிறுத்தியவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் லரி இட்லியோங். மெக்சிக்கோ வம்சாவளித் தொழிலாளர்களின் சங்கம், சீசர் சாவேஸ், டொலோரஸ் ஹுவேர்ட்டா ஆகியோரின் தலைமையில், தாமும் சேர்வதா இல்லையா என்று முடிவெடுக்க 8 நாள் கழித்துக் கூடியது. கூடிய இடம் குவாடலூப்பே மாதா கோயிலின் மண்டபம். அன்று மெக்சிக்கோவின் சுதந்திர நாள். வாக்கெடுத்து, வேலை நிறுத்தத்தில் சேர்ந்தார்கள். முதலாளிகள் காலாகாலமாக ஓர் இனத்துக்கு எதிராக இன்னோர் இனத்தை இறக்கித்தான் வேலை நிறுத்தங்களை உடைத்து வந்தார்கள். அந்த இரவு அது நடக்கவில்லை. சாவேஸின் பெயரே எங்கும் பேசப்படுவதால், முதலில் கத்தியைக் கீழே வைத்த பிலிப்பைன்ஸ்காரர்களை உலகம் மறந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

மண்டபம் கிடைத்ததே தவிர, ஊரில் இருந்த மதத் தலைவர்கள் துணைக்கு வந்துவிடவில்லை. பெரிய திராட்சைத் தோட்ட முதலாளிகளில் பலர் கத்தோலிக்கர்கள். பறிப்பவர்களிலும் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். காணிக்கைத் தட்டில் கனமான நோட்டை வைப்பவர் யார் என்று பங்குத்தந்தைக்குத் தெரியாதா? புரட்டஸ்தாந்து சபைகளும் ஊர்ப் பெரிய மனிதர்களை நம்பித்தான் நடந்தன. ஆகவே உள்ளூர்க் குருமாரில் பெரும்பாலோர் ஒன்று வாய் திறக்கவில்லை, அல்லது வெளியிலிருந்து வந்து குழப்பம் செய்கிறார்கள் என்று குறை சொன்னார்கள். தேர் அன்று துரை வருகிறார் என்று எமது பெரியவர் சொன்னதன் டெலானோப் பாஷை இது.

முதலில் உடைத்துக்கொண்டு வந்தவர்கள் ‘இடம்பெயர் தொழிலாளர் ஊழியம்’ என்ற புரட்டஸ்தாந்து அமைப்பினர். இவர்களுடைய கதையைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்த ஊழியம் 1920இல் தொடங்கியது. பெண்கள் தோட்டத்துக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, பழைய துணி கொடுப்பது, விடுமுறையில் வேதபாடம் நடத்துவது, இவைதான் அதன் வேலையாக இருந்தன. நல்ல வேலைகள்தான். எமது பிள்ளைக் காம்பராக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இப்படி வந்த உதவியை நாம் யாரும் பழிக்க மாட்டோம். ஆனால் 40 ஆண்டுகள் துணி கொடுத்த பிறகும், கொடுத்த துணியைப் போட்டுக்கொண்டு போகிறவனின் கூலி உயரவில்லை. 1961இல் கலிபோர்னியாவில் இதன் பொறுப்பை ஏற்ற கிறிஸ் ஹார்ட்மயர் என்ற இளம் போதகரும் அவருடைய சகாக்களும் இதை யோசித்தார்கள். வேலை நிறுத்தம் வந்தபோது தமது ஊழியர்களையும் வாகனங்களையும் சங்கத்தின் கையில் கொடுத்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று சங்கம் சொல்லும், நாங்கள் செய்வோம் என்றார்கள். சபைகளிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் குறைந்தது. திட்டிக் கடிதங்கள் வந்தன. அவர்கள் பின்வாங்கவில்லை.

எமது பார்வையில் அந்தப் பத்தாண்டின் திருப்பம் இதுதான். தொழிலாளிக்காகப் பேசுவது என்பதும், தொழிலாளி சொன்னதைத் தானும் சேர்ந்து சொல்வது என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் கோரிக்கையை எழுதுபவர் குருவானவர். இரண்டாவதில் கோரிக்கை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, அவர் வந்து கையெழுத்துப் போடுகிறார்.

1966 மார்ச் 17ஆம் திகதி வேலை நிறுத்தக்காரர்கள் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சக்ரமென்டோவுக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 300 மைல். தவக்காலத்தில் புறப்பட்டு உயிர்த்த ஞாயிறு அன்று போய்ச் சேர்வது போல் நாள் குறித்தார்கள். இதை ஒரு யாத்திரை என்றும், பாவப் பரிகாரம் என்றும், புரட்சி என்றும் அவர்களே பெயர் வைத்தார்கள். மூன்றும் ஒரே நடையில்! முன்னால் போனது குவாடலூப்பே மாதாவின் கொடி. மெக்சிக்கோ ஏழைகளுக்கு அந்த மாதா எமக்கு மாரியம்மன் போல. கறுத்த நிறத்தவள், தம்மில் ஒருத்தி.

அந்தக் கொடி எல்லோருக்கும் பிடித்திருக்கவில்லை. மாதாவை வணங்காத புரட்டஸ்தாந்துக்காரர்கள் இருந்தார்கள், கடவுளே வேண்டாம் என்ற இடதுசாரிகளும் இருந்தார்கள். தொழிற்சங்க ஊர்வலத்தில் சாமிப் படம் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. எமது மேதின ஊர்வலத்தில் யாராவது சூலத்தைத் தூக்கி வந்தால் நாமும் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். அங்கே மாதா கொடியோடு சங்கத்தின் கறுப்புக் கழுகுக் கொடியும் சேர்ந்து போனது. கொடியில் இருந்தது மாதா. ஆனால் மாநிலத்திடம் கேட்டது சங்கத்தின் கோரிக்கையை. அந்த வேறுபாடு கலையாமல் இருந்தவரை நடை கலையவில்லை. வழியில் இருக்கும்போதே ஷென்லி என்ற பெரிய கம்பனி இறங்கி வந்து சங்கத்தை அங்கீகரித்தது.

ஏப்ரல் 10ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, ஆயிரக்கணக்கானோர் சட்டசபைப் படியில் வந்து நின்றார்கள். ஆளுநர் பட் பிரவுண் ஊரில் இல்லை. பாம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், பாடகர் பிராங் சினாட்ராவின் வீட்டில் குடும்பத்தோடு பண்டிகை கொண்டாடப் போயிருந்தார். இந்தப் பெயரை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். திராட்சையை வாங்க வேண்டாம் என்று நாடு முழுவதும் சொல்லப்பட்டது. பெருநகரங்களில் அந்தச் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோனவர்களில் தேவாலயங்களையும் யூத ஆலயங்களையும் சேர்ந்தவர்கள் பெருந்தொகையினர். 1968இல் சாவேஸ் 25 நாள் உண்ணா நோன்பு இருந்தார். கத்தோலிக்க ஆயர்கள் 1969இல் ஒரு விசேட குழுவை அமைத்தார்கள். அது முதலில் இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேச்சு நடத்தியது. 1970 ஜூலையில் டெலானோ முதலாளிகள் கையெழுத்திட்டதில் அந்தக் குழுவுக்குப் பங்கு உண்டு. 1973 வந்தபோது ஆயர்கள் நடுவில் நிற்பதை விட்டு, திராட்சைப் புறக்கணிப்பை வெளிப்படையாகவே ஆதரித்தார்கள். ஆலய வாசலிலிருந்து அந்த இடத்துக்கு வந்து சேர அவர்களுக்கு 8 ஆண்டுகள் எடுத்தன.

முதலாளிமாரும் சட்டசபைக்குப் போகத் தெரிந்தவர்கள்தான். 1972இல் அரிசோனா மாநிலத்தில், அறுவடைக் காலத்தில் வேலை நிறுத்தம் செய்வதையும் புறக்கணிப்புக் கோருவதையும் ஒடுக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஆளுநர் உடனே கையெழுத்திட்டார். சாவேஸ் அங்கே 24 நாள் பட்டினி கிடந்தார். இங்கே ஒன்றும் முடியாது என்று உள்ளூர்க்காரர்கள் சலித்துக்கொண்டபோது, முடியும் என்று டொலோரஸ் ஹுவேர்ட்டா கொடுத்த பதில்தான் பின்னர் அந்த இயக்கத்தின் கோஷமாயிற்று. அதே ஆண்டு கலிபோர்னியாவிலும் அதைப் போன்ற ஒரு பிரேரணையை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். அங்கே மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். மாநிலச் சட்டம் என்ற கத்தி எந்தப் பக்கமும் வெட்டும் என்பது இரண்டு தரப்புக்கும் அப்போது விளங்கிவிட்டது.

1973இல் ஒப்பந்தங்கள் முடிந்தன. முதலாளிகள் பழைய சங்கத்தை ஒதுக்கி, தொழிலாளர்களிடம் கேட்காமலே வேறொரு சங்கத்துடன் கையெழுத்திட்டார்கள். (தொழிலாளியைக் கேட்காமல் அவன் பெயரில் கையெழுத்துப் போடுவது பற்றி நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை.) அந்தக் கோடையில் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். நீதிமன்றத் தடையை மீறி மறியலில் நின்று சிறைக்குப் போனவர்களில் குருமாரும் கன்னியாஸ்திரிகளும் இருந்தார்கள். கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய டொரத்தி டே அம்மையார் 75 வயதில் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்து கைதானார். ஓகஸ்ட் மாதம் நஜி தைஃபுல்லா என்ற யேமன் நாட்டு இளைஞரும், ஹுவான் டி லா குரூஸ் என்ற மெக்சிக்கோ முதியவரும் கொல்லப்பட்டார்கள். ஒருவர் முஸ்லிம், மற்றவர் கத்தோலிக்கர். ஒரே சங்கத்துக்காரர்கள்.

1975 ஜனவரியில் கலிபோர்னியாவுக்குப் புதிய ஆளுநர் வந்தார். அவர் பெயர் ஜெரி பிரவுண். பண்டிகைக்குப் பாடகர் வீட்டுக்குப் போன அந்த ஆளுநரின் மகன். இளமையில் இயேசு சபைக் குருவாகப் பயின்று இடையில் விட்டவர். மகனுக்கு முடிவெடுக்க வசதியாக, பெப்ரவரி கடைசியில் தொழிலாளர்கள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மொடெஸ்டோ வரை மறுபடி 110 மைல் நடந்தார்கள். போய்ச் சேரும்போது கூட்டம் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஜூன் 5ஆம் திகதி ஆளுநர் விவசாயத் தொழில் உறவுகள் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தில் என்ன இருந்தது என்பதை எமது தோட்டத் தலைவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். தொழிலாளர்களின் மாண்பைப் போற்றுவோம் என்பதோடு அது நிற்கவில்லை. எந்தச் சங்கம் வேண்டும் என்று தொழிலாளர்கள் இரகசிய வாக்கால் தெரிவு செய்வார்கள் என்றது. மனு கொடுத்து 7 நாளுக்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்றது. ஏன் 7 நாள்? அறுவடை முடிந்தால் தொழிலாளி வேறு ஊருக்குப் போய்விடுவான், முதலாளிக்கு இழுத்தடிப்பதே போதும். தோட்டத்தில் ஆள் நிறைந்திருக்கும் பருவத்தில்தான் வாக்கெடுப்பு என்றது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையிலிருந்து நிறுத்தினால், திரும்ப எடுத்து இழந்த கூலியையும் கொடுக்கக் கட்டளையிடும் அதிகாரமுள்ள ஒரு சபையை அமைத்தது. இதையெல்லாம் மலையில் நின்றவன் சொல்லாமல், ஆயர் இல்லத்தில் உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது. அதேசமயம், ஆயர்கள் இல்லாமல் இதைச் சட்டசபையில் நிறைவேற்றியிருக்க முடியுமா என்பதும் எமக்குச் சந்தேகம்தான். அந்தச் சபையின் முதல் தலைவராக ஆளுநர் நியமித்தது, ஆயர்களின் விவசாயத் தொழில் குழுவில் செயலாளராக இருந்த றொஜர் மஹோனியை. அப்போது அவர் பிரெஸ்னோ மறைமாவட்டத்தின் துணை ஆயர்.

சபையின் முதல் வேலைகளில் ஒன்று, சங்கக்காரர்கள் தோட்டத்துக்குள் நுழைய விதி செய்தது. வேலைக்கு முன் ஒரு மணி, பகலுணவுக்கு ஒரு மணி, வேலை முடிந்து ஒரு மணி. இதை அறியும்போது எமது மூத்தவர்களுக்கு வேறொன்று நினைவு வரும். கூட்டம் போட வந்த சங்கப் பிரதிநிதியை அத்துமீறி நுழைந்தவர் என்று பொலிஸில் பிடித்துக் கொடுத்த காலம் இங்கேயும் இருந்தது. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் நுழைவதற்கான 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அதற்கு ஒரு முடிவு பிறந்தது. அந்த விடயத்தில் நாம் அவர்களுக்கு 5 ஆண்டுகள் முந்தியவர்கள். அங்கே 2021இல், அந்த நுழைவு விதி முதலாளியின் சொத்துரிமையைப் பறிக்கிறது என்று உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற வாக்கில் தீர்த்தது. 46 ஆண்டுகள் இருந்த உரிமை ஒரு காலைப்பொழுதில் போயிற்று.

அதற்கு வெகு முன்பே, 1976 பெப்ரவரியில் சபையின் பணம் தீர்ந்து, சட்டசபை மேலும் பணம் ஒதுக்க மறுத்ததால் வேலை நின்றுபோனது. சட்டத்தை மக்கள் வாக்கால் பாதுகாக்க முயன்ற சங்கத்தின் பிரேரணையும் அந்த ஆண்டு தோற்றது. 2022 ஓகஸ்டில், தேர்தல் முறையைத் திருத்தும்படி கேட்டு, தொழிலாளர்கள் அதே டெலானோவிலிருந்து அதே சக்ரமென்டோவுக்கு மறுபடி நடந்தார்கள். அப்போதும் மாதா கொடி முன்னால் போனது. செப்டெம்பரில் ஆளுநர் கையெழுத்திட்டார்.

கிழக்குக் கரையில் நியூயோர்க் மாநிலத்தின் கதை இன்னும் மெதுவானது. விவசாயத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது அங்கே 2019 வரை சட்டத்தில் இல்லை. ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்று வேதத்தில் எழுதியிருப்பதை ஞாயிறு தோறும் வாசிக்கிற ஊரில், அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒருவன் பால் கறந்துகொண்டிருந்தான். ‘கிராமிய, இடம்பெயர் ஊழியம்’ என்ற அமைப்பு இந்த முரண்பாட்டை எடுத்துக்கொண்டு 20 ஆண்டுகளுக்கு மேல் மாநிலத் தலைநகர் அல்பனிக்கு ஏறி இறங்கியது. தொழிலாளர்களையும் குருமாரையும் ரபிகளையும் கூட்டிக்கொண்டு நடந்தது. கீழ்ச்சபையில் நிறைவேறும், மேற்சபையில் முடங்கும். மேற்சபையில் பெரும்பான்மை மாறிய ஆண்டில்தான், 2019 ஜூலை 17ஆம் திகதி, சட்டமாயிற்று. வாரத்தில் 24 மணி நேரத் தொடர் ஓய்வு, சங்கம் சேரும் உரிமை, 60 மணிக்கு மேல் போனால் மேலதிகக் கொடுப்பனவு. 60 மணி என்பது மற்றத் தொழிலாளிக்கு உள்ள 40ஐ விட அதிகம்தான். விட்டுக்கொடுத்துத்தான் வாங்கினார்கள். அந்த 60ஐப் படிப்படியாகக் குறைத்து 2032இல் 40க்குக் கொண்டுவரும் ஏற்பாடு பின்னர் செய்யப்பட்டது.

இனி எமது வாசலுக்கு வருவோம். மதத்தின் பேரால் எமக்காக யாரும் நிற்கவில்லை என்று சொன்னால் நன்றி கெட்டவர்களாவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானோம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் காயம் முழுதாக மூடவில்லை. இந்த இடைக்காலத்தில், 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் போன்றவர்கள், சிங்கள மக்களிடமும் ஆட்சியாளரிடமும் எமது நியாயத்தைச் சலிக்காமல் எடுத்துச் சொன்னார்கள். 2023இல், நாம் இந்நாட்டுக்கு வந்த 200ஆவது ஆண்டில், இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றமும் மலையக அமைப்புகளும் சேர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நடத்தின. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. எமது முன்னோர் செத்து விழுந்த பாதையில் அவர்கள் பேரப்பிள்ளைகள் நடந்தார்கள். காணியும் வீடும் நியாயமான கூலியும் சம உரிமையும் அந்த நடையின் கோரிக்கைகளில் இருந்தன. கூட நடந்தவர்களில் பல மதத்தாரும் இருந்தார்கள்.

அந்த நடை மாத்தளையில் முடிந்தது. எமது மனக்குறை அதில்தான். தொடர்ந்து ஒவ்வொரு தோட்டத்துக் கோயிலுக்கும் சபைக்கும் அந்தக் கோரிக்கைகளைக் கொண்டுபோயிருக்க வேண்டியவர்கள் நாம். நாம் செய்யவில்லை. கொழும்பிலிருந்து வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனதும் நாமும் பழையபடி சந்தாப் பட்டியலுக்குத் திரும்பிவிட்டோம். குருமாரைக் குறை சொல்லும் முன் இதை ஒப்புக்கொள்கிறோம்.

எமது மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஆகவே தேவாலயம் மட்டும் முன்வந்தால், மதம் மாற்ற வருகிறார்கள் என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிடுவது எளிது. சில தோட்டங்களில் கிளப்பியும் இருக்கிறார்கள். கோயில் கமிட்டி சேராமல் இது நடக்காது. கோயில் கமிட்டி என்பது ஆயர் நியமித்ததல்ல, மேலிடத்தைக் கேட்க வேண்டியதுமல்ல. அது லயத்துக்காரர்கள் கூடித் தெரிவு செய்தது. இந்த விடயத்தில் டெலானோக்காரர்களை விட எமக்கு வசதி கூட.

நாம் கேட்பது கோயிலைக் கட்சி மேடையாக்குவதை அல்ல. எந்தத் தலைவருக்கும் மாலை வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இந்த இரண்டு கைமாற்றங்களிலும் லயத்தில் இருந்தவனின் பெயரில் ஓரடி மண்ணும் எழுதப்படவில்லை. வீட்டுக்கு 7 பேர்ச் என்பது ஒரு தொடக்கம். ஆனால் அது திட்டத்துக்குத் திட்டம், அமைச்சருக்கு அமைச்சர் மாறுகிறது. எமது மனு கேட்பது ஒரு சட்டம். குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பதிவு செய்த உறுதி, அதில் கணவன் மனைவி இருவர் பெயரும், தோட்டத்தில் பேர் போடாதவர்களுக்கும் அந்த உரிமை, விண்ணப்பித்தால் இத்தனை நாளுக்குள் பதில் என்ற ஒரு காலக்கெடு. அந்தக் கடைசி வரியைச் சேர்த்தது கலிபோர்னியாவின் 7 நாளைப் படித்த பிறகுதான்.

பூசகர், போதகர், பங்குத்தந்தை, மௌலவி, விகாராதிபதி யாராயினும் அந்த மனுவில் தமது பெயரை எழுதி, வேண்டும்போது எம்மோடு பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டுக்கும் அமைச்சுக்கும் வந்து உட்கார வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். செபத்தையும் அர்ச்சனையையும் விட்டுவிடும்படி நாம் யாரையும் கேட்கவில்லை.

இந்தத் தலையங்கத்தை எழுதி முடிக்கும் நேரத்தில், முதலில் சொன்ன அந்தக் கமிட்டிப் பெரியவர் பிள்ளையொன்றிடம் ஆள் அனுப்பியிருந்தார். தேர் அன்று முடியாது. மறுபூசை அன்று துரை வரமாட்டார், அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொள்ளலாம், கமிட்டியில் அவரும் இன்னும் இரண்டு பேரும் கையெழுத்து வைப்பார்கள் என்றது செய்தி. மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்களாம்.

மனுப் படிவங்கள் தோட்டத் தலைவர்களிடமும் மாதர் தலைவிகளிடமும் கொடுக்கப்பட்டுள்ளன. பேனை கொண்டுவர வேண்டியதில்லை. கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் மேசையில் இருக்கும்.